இருபத்திரண்டாவது கேள்வி

விருதுக் குழு பதினோரு மணிக்குக் கூடும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. பதினொன்றே முக்கால் வரை அந்த ஏ.சி. அறையில் சிந்துஜா ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் பூசிய பழைய பிரெஞ்சு வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். அதன் மாடியில்தான் கூட்டம். மேசை மேல் ஐந்து தண்ணீர் பாட்டில், ஐந்து பேனா, ஐந்து குறிப்பேடு. குறிப்பேட்டு அட்டையில் 'வெள்ளலை அறக்கட்டளை: உழைப்பவர் நலமே எங்கள் மூச்சு' என்று அச்சடித்திருந்தது. மூச்சு என்ற சொல்லை மட்டும் நீல நிறத்தில் போட்டிருந்தார்கள். அந்த நீலத்துக்கு எவனாவது ஒரு வடிவமைப்பாளன் காசு வாங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளலை மரைன்ஸ் என்பது இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி. சுற்றுச்சூழல், தொழில்சார் சுகாதாரத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர்களில் ஒருவருக்கு, அதன் அறக்கட்டளை ஆண்டுதோறும் ஒரு கேடயமும் ஓராண்டுக்கு உதவித்தொகையும் கொடுத்துவந்தது. போன வருடம் அது சிந்துஜாவுக்குக் கிடைத்தது. ஒரு வருடம் வாங்கியவர் அடுத்த வருடம் தேர்வுக் குழுவில் மாணவ உறுப்பினராக உட்காரவேண்டும் என்பது விதி. அப்படித்தான் அவள் அங்கே வந்திருந்தாள்.

விருதின் மேல் அவளுக்கு மரியாதை ஏதும் கிடையாது. போன வருட விழாவில் அறக்கட்டளைத் தலைவர், தொழில்சார் சுகாதாரம் என்றால் துப்புரவுத் தொழில் என்று எண்ணிக்கொண்டு, சாப்பிடுவதற்கு முன் கை கழுவுவதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். கேடயத்தில் அவள் பெயரைச் 'சிந்தூஜா' என்று செதுக்கியிருந்தார்கள். வைத்திக்குப்பத்தில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதையெல்லாம் நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்தாள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. கொடுத்தவர்கள் மடையர்கள், இருந்தாலும் கொடுத்தது சரியான ஆளுக்கு. வெள்ளலையின் இறால் உரிக்கும் கொட்டகையில் நூற்றுப் பன்னிரண்டு பெண்களின் கைகளை அவள் பார்த்திருந்தாள். ஐஸ் தண்ணீரிலும் குளோரினிலும் ஊறி, விரல் இடுக்கில் வெடித்து, நகக்கண் அழுகிய கைகள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அளந்து, எழுதியிருந்தாள். துறையில் வேறு எவனும் அப்படிக் கொட்டகைக்குள் போய் நின்றதில்லை. பாதிப் பேர் இணையத்திலிருந்து எண்களை இறக்கி ஆய்வு செய்கிறவர்கள். அவர்களைப் பார்த்தாலே அவளுக்கு உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

காசிலிங்கம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். அறக்கட்டளையின் செயலாளர். பாரிஸ் பக்கத்தில் பன்னிரண்டு வருடம் ஏதோ கிடங்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்காரர். மன்னிப்புக் கேட்பதும் இளம்பெண்களைக் கூப்பிடுவதும் பிரெஞ்சில்தான்.

"பர்தோன், மத்மசேல். நேரு வீதியில வண்டி நகரவே இல்ல."

அவருக்குப் பின்னால் பேராசிரியர் ராஜாங்கம். இவர்தான் குழுவின் தலைவர். சிந்துஜாவின் ஆய்வு நெறியாளரும் இவர்தான். வெள்ளலை கம்பெனிக்குப் பாதுகாப்பு ஆலோசகரும் இவர்தான். போன வருடம் தன் மாணவியின் விண்ணப்பம் வந்தபோது எழுந்து வெளியே போய்க் காபி குடித்துவிட்டு வந்ததாகவும், அதனால் எல்லாம் முறைப்படி நடந்ததாகவும் அவரே எல்லோரிடமும் சொல்வார். நான்காவது உறுப்பினர் வரவில்லை. ஐந்தாவது உறுப்பினர் யாரென்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.

பதினேழு விண்ணப்பங்கள் இருந்தன. சிந்துஜா நான்கு நாள் உட்கார்ந்து பதினேழையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் குறிப்பு எழுதிக் கொண்டுவந்திருந்தாள். ராஜாங்கம் படித்திருக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் புகைப்படத்தைப் பார்த்தார், எடை பார்த்தார், வைத்தார். கால் மணி நேரத்தில் பதினேழும் முடிந்துபோயின.

"சுவேதாவோடது நல்லா வந்திருக்கு," என்றார்.

'அலுவலக மேசைச் செடிகளும் ஊழியர் மனநிறைவும்.' நாற்பது பக்கம், வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். சுவேதா வெள்ளலை கம்பெனி ஆடிட்டரின் மகள்.

"சார், இதுல மொத்தம் பதினாலு பேரத்தான் பாத்திருக்காங்க," என்றாள் சிந்துஜா. "அதுல ரெண்டு பேர் அப்போ லீவுல இருந்திருக்காங்க. அவங்களுக்கும் மனநிறைவு கூடியிருக்குன்னு போட்டிருக்கு."

"லீவுல இருந்தா மனநிறைவு கூடத்தானேம்மா செய்யும்," என்றார் ராஜாங்கம். அது வேடிக்கை என்று நினைத்துக் காசிலிங்கத்தைப் பார்த்தார். காசிலிங்கம் கடமைக்குச் சிரித்தார்.

சிந்துஜா ஒன்பது பக்க விண்ணப்பம் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தாள். மூலக்குளத்தைச் சுற்றியுள்ள பைக் பட்டறைகளில் பெயிண்ட் அடிப்பவர்களின் நுரையீரலைப் பற்றியது. சோதனை ஓட்டத்தில் மட்டும் நாற்பது பேரை ஊதவைத்து அளந்திருந்தார்கள். கேட்டிருந்ததும் பெரிய தொகை இல்லை, ஊதிப் பார்க்கும் கருவிக்கு ஒரு வருட வாடகை மட்டும்.

"இதுக்குத்தான் குடுக்கணும் சார். படிச்சுப் பாருங்க. ஒம்பது பக்கந்தான்."

காசிலிங்கம் அதைத் தொடவில்லை. "மத்மசேல், பட்டறைக்காரனுக்குச் சங்கம் இருக்கு. நாளைக்கு எங்க வயித்துல அடிக்கிறியான்னு கொடி புடிச்சுக்கினு வந்து நிப்பான். செடிக்குச் சங்கம் கெடையாது பாருங்க."

"தரம்னு ஒண்ணு வேணாமா சார்?"

அவர் அவளைப் பரிவோடு பார்த்தார். அவருக்கு அவள் மேல் கோபமே இல்லை. அதுதான் பின்னால் நினைத்து நினைத்து அவளுக்குப் பொறுக்கமுடியாமல் போனது.

"போன வருசம் தரம் பாத்திருந்தா நீங்க இந்த நாற்காலியில உக்காந்திருக்க மாட்டீங்களே," என்றார். "சார் சொல்லலியா உங்ககிட்ட?"

ராஜாங்கம் எழுந்து ஏ.சி. ரிமோட்டைத் தேடப் போனார். அது மேசை மேல் அவருக்கு எதிரேதான் இருந்தது.

"என்ன சொல்லணும்?" என்றாள்.

மறைக்கவேண்டிய விஷயம் என்றே காசிலிங்கத்துக்குத் தோன்றவில்லை. போன வருடக் கோப்பு அவர் பைக்குள்தான் இருந்தது. எடுத்து மதிப்பெண் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். வரிசை எண் ஒன்பது, இளம்பரிதி, எண்பத்து நான்கு மதிப்பெண். வரிசை எண் பன்னிரண்டு, சிந்துஜா, எழுபத்தொன்று. ஒன்பதாம் எண்ணின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. ஓரத்தில் ஆங்கிலத்தில் இரண்டு சொல்: 'நம் பிளாண்ட்'.

"அந்தப் பையன் நம்ம ஐஸ் பிளாண்ட்ல அமோனியா கசியுதுன்னு எழுதிட்டான். நம்ம காசுலயே நம்ம மேல புகார். எப்படிக் குடுக்கறது? உங்களோடது கை. கைன்னா சுலபம். நாலு பெட்டி கிளவுஸு வாங்கிக் குடுத்தோம், போட்டோ புடிச்சோம், எல்லாருக்கும் சந்தோசம். எழுபத்தொண்ணு ஒண்ணும் கொறைஞ்ச மார்க்கு இல்ல மத்மசேல்."

ஐஸ் பிளாண்டில் குளிரூட்டுவதற்கு அமோனியா வாயு ஓடும். அந்தப் பிளாண்டை ஒட்டித்தான் இறால் உரிக்கும் கொட்டகை. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் சிந்துஜா இரண்டு வருடம் நின்றிருக்கிறாள்.

அப்போதுதான் இருபத்திரண்டாவது கேள்வி அவள் நினைவுக்கு வந்தது. கேள்வித்தாளை முதலில் தயாரித்தபோது, 'வேலையிடத்தில் மூக்கை எரிக்கும் நெடி வருவதுண்டா?' என்று அவளேதான் எழுதியிருந்தாள். ராஜாங்கம் அதன் மேல் பேனாவை இழுத்தார். "உன் தலைப்பு கை. மூக்குக்கெல்லாம் போனா ஆழம் இருக்காது," என்றார். அவள் சரி சார் என்றாள். ஒரு கேள்வி குறைந்தால் ஒவ்வொருத்திக்கும் இரண்டு நிமிடம் மிச்சம் என்றுகூட நினைத்தாள். இணையத்தில் எண் இறக்கும் மாணவர்களைப் பார்த்து உதட்டை இழுத்தவள், அந்தச் சரி சாரை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"நீங்க இதுக்காகத்தான் அந்தக் கேள்விய அடிச்சீங்களா சார்?" என்று ராஜாங்கத்தைக் கேட்டாள்.

"எந்தக் கேள்வி?" என்றார் அவர். உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. அவ்வளவு சின்ன வேலை அது.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்துப் போடச் சொன்னபோது சிந்துஜா கையெழுத்துக்கு மேலே எட்டு வரி எழுதினாள். போன வருடம் எந்த விண்ணப்பம் எதற்காக நிராகரிக்கப்பட்டது என்று செயலாளர் இன்று தன்னிடம் சொன்னதையும், இந்த வருடத் தேர்வைத் தான் ஏற்கவில்லை என்பதையும் எழுதினாள். காசிலிங்கம் வாங்கிப் படித்துப் பார்த்து, "கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு," என்றார். இரண்டு நாள் கழித்து அவளுக்கு மின்னஞ்சலில் நடவடிக்கைக் குறிப்பின் பிரதி வந்தது. புதிதாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். 'மாணவ உறுப்பினர் உடல்நலக் குறைவால் கலந்துகொள்ளவில்லை' என்று இருந்தது.

அவள் அம்மா தனக்கொடி படகுத்துறையில் மீன் விற்பவள். மணலில் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கத்தியைக் கழுவிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"பத்து ரூவா சங்கரா வாங்கறவகூட செவுளத் தூக்கிப் பாத்துட்டுத்தான் வாங்கறா," என்றாள். "நீ இன்னாத்தப் பாத்து வாங்குன?"

அம்மா அடுத்த மீனை எடுத்தாள்.

இளம்பரிதியைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. துறை அலுவலகத்தில் அவன் பெயர் பட்டியலிலிருந்தே எடுபட்டிருந்தது. தவளக்குப்பம் சந்திப்பில், கடலூர் சாலையை ஒட்டி, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தான். அவள் போனபோது ஒரு பழைய மெஷினைப் பிரித்துப்போட்டு, பழுப்பேறிய ஃபில்டரைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தான்.

"கை டாக்டரா நீங்க?"

"டாக்டர் இன்னும் ஆவல."

"ஆயிடுவீங்க," என்றான். ஃபில்டரைத் தூக்கித் தொட்டியில் போட்டான். "இன்னா விசயம்?"

அவள் மதிப்பெண் தாளைப் பற்றிச் சொன்னாள். எண்பத்து நான்கு என்ற எண்ணைக் கேட்டும் அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எனக்குத் தெரியுங்க. நேர்காணல்லயே தெரிஞ்சிபோச்சு. எந்தப் பிளாண்டுன்னு அந்தக் காசிலிங்கம் கேட்டார். நம்ம அறக்கட்டளையோட கம்பெனிதான் சார், நீங்களே சரி பண்ணிடலாம், விருதுக்கே ஒரு பேரு கெடைக்கும்னு சொன்னேன். எவ்ளோ பெரிய கூமுட்டை பாருங்க. மறுநாள்லேர்ந்து கேட்டுல வுடல. ஆறு மாசத்துல ஃபெலோஷிப்பும் முடிஞ்சிது. அப்பா மில்லு மூடுனதுலேர்ந்து ஏ.டி.எம். வாசல்ல வாட்ச்மேன். நான் எவ்ளோ நாளைக்குத் தொழிலாளர் நலத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கறது?"

"அளந்ததெல்லாம் இருக்கா?"

"இருக்கு. நாப்பத்தாறு நாள். குழாய் போட்டோவோட."

காற்றை உறிஞ்சினால் உள்ளே நிறம் மாறும் கண்ணாடிக் குழாய் அது. எத்தனை தூரம் நிறம் ஏறுகிறதோ அவ்வளவு அமோனியா. பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு என்று கணக்கு; எட்டு மணி நேர வேலைக்கு இருபத்தைந்து என்பது எல்லை. நாற்பத்தாறு நாளில் பதினொரு நாள் எல்லையைத் தாண்டியிருந்தது என்றான். ஒரு நாள் தொண்ணூறு.

"எனக்கு அது வேணும்," என்றாள்.

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தான். "எதுக்கு? இன்னொரு கேடயத்துக்கா?"

சாலையில் கடலூர் பேருந்து ஒன்று அலறிக்கொண்டு போனது. கோபித்துக்கொண்டு கிளம்புவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்கவேண்டும். அவள் கிளம்பாததைப் பார்த்துவிட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கினான்.

"காத்த நான் அளந்துட்டேன். அத சுவாசிச்சவங்களுக்கு இன்னா ஆச்சுன்னு எங்கிட்ட இல்ல. நான் கேட்டா அந்தப் பொம்பளைங்க பாதி சொல்லும், பாதி முழுங்கும். நீங்க நூத்திப் பன்னெண்டு பேரையும் திரும்பப் போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்து கேளுங்க, தர்றேன். அதுக்கு முன்னாடி வராதீங்க."

மறுநாள் காலை, கை ஆய்வுக்கு வாங்கிய பழைய அனுமதிச் சீட்டைக் கேட்டில் காட்டிவிட்டு அவள் கொட்டகைக்குப் போனாள். மேசையின் இரு பக்கமும் பெண்கள் நின்றுகொண்டு, ஐஸ் கலந்த தண்ணீரிலிருந்து இறாலை எடுத்துத் தலை கிள்ளி ஓடு உரித்துக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மாள்தான் அவர்களுக்கு மூத்தவள், இருபது வருடமாக உரிப்பவள். சிந்துஜாவின் புதுக் கேள்வித்தாளைப் பார்த்ததும் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"இந்தா, பாத்துக்க. அதே கைதான்."

"கை இல்ல அத்தை. வேற கேக்கணும்." அவள் கேட்டாள். மூக்கை எரிக்கும் நெடி வருவதுண்டா என்ற அதே வாக்கியம்.

மேசையில் யாரோ ஒருத்தி கெக்கலித்தாள்.

"ஏம் பாப்பா," என்றாள் கன்னியம்மாள், "போன வருசம் மழைக்கு முன்னாடி ஒரு நாளு, தோ அந்தத் தூணுகிட்ட நின்னுக்கினு நீயே இருமுன. கண்ணு செவந்து தண்ணியா ஊத்திச்சு. முந்தானையால தொடச்சிக்கினு மறுபடி எங்க கையப் போட்டோ புடிச்ச. நாங்க எல்லாரும் பாத்துக்கினுதான் இருந்தோம். உனக்கே தெரிஞ்ச நெடிய இப்போ எங்ககிட்ட வந்து உண்டான்னு கேக்குற."

சிந்துஜாவுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. குளோரின் அதிகம் போட்டுவிட்டார்கள் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். அமோனியாவின் நெடி எப்படி இருக்கும் என்று படித்தவள்தான் அவள்.

"தப்புதான் அத்தை," என்றாள்.

"தப்புன்னா சொன்னேன். எழுதிக்க." கன்னியம்மாள் மறுபடி கையைத் தண்ணீரில் விட்டாள். "வெடியகாலைல மெஷின் போட்டதும் வரும். வந்தா துணிய நனைச்சு மூஞ்சில கட்டிக்குவோம். ரொம்ப வந்தா வெளிய ஓடுவோம். ஓடுன நேரத்துக்குக் கூலி கெடையாது, அதனால பாதிப் பேரு ஓட மாட்டா. அப்புறம் அந்தக் கிளவுஸு. அத மாட்டிக்கினா எறா வழுக்குது, உரிக்கிறது பாதியாவுது. போட்டோ புடிச்ச அன்னிக்குப் போட்டதோட சரி. அதையும் எழுதிக்க."

ஏழு வாரம் ஆனது. நூற்றுப் பன்னிரண்டு பேரில் தொண்ணூற்று ஏழு பேரைப் பார்க்கமுடிந்தது. அறுபத்து மூன்று பேருக்குக் கண்ணெரிச்சலும் நெஞ்சடைப்பும் இருந்தன. மூன்று பேர் மயங்கி விழுந்திருக்கிறார்கள். வெறும் வயிற்றோடு வேலைக்கு வந்தால் இப்படித்தான் என்று கம்பெனி நர்ஸ் சொல்லி, ஆளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சிந்துஜா தவளக்குப்பம் போனாள். இளம்பரிதி கடைக்குள் நின்றபடியே தாள்களைப் புரட்டினான். ஒரு பெண்ணின் தேதியையும் தன் குழாய்த் தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்தான். தொண்ணூறு காட்டிய நாளும் மூவரில் ஒருத்தி விழுந்த நாளும் ஒன்றாக இருந்தன. உள்ளே போய்ப் பென்டிரைவை எடுத்துவந்து கொடுத்தான்.

ராஜாங்கம் புதிய அத்தியாயத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்.

"தீசிஸ் குடுக்கிற நேரத்துல இது என்ன கூத்து? உன் தலைப்பு கை."

"தலைப்ப மாத்திக்கலாம் சார்."

"உன் ஃபெலோஷிப் நீட்டிப்புக்கு யார் கையெழுத்துப் போடணும் தெரியுமில்ல?"

"நீங்கதான் சார். போட வேணாம். ஏன் போடலன்னு மட்டும் எழுதிக் குடுங்க."

அவர் எழுதியும் தரவில்லை, கையெழுத்தும் போடவில்லை. மறுக்கிற துணிவுகூட இல்லாத மனிதரிடம் நான்கு வருடம் சரி சார் சொல்லியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முழுதாக உறைத்தது. நீட்டிப்பு நாள் தானாகக் கடந்துபோனது. சிந்துஜா முத்தியால்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் எடுக்கப் போனாள். மாலையில் எழுதினாள். ஓய்வு பெற இரண்டு வருடமே பாக்கியிருந்த வேறொரு பேராசிரியை, யாருக்கும் பயப்படவேண்டிய அவசியம் இல்லாததால், அவளைத் தன் கீழ் எடுத்துக்கொண்டார். துணிச்சல் என்று அதைச் சொல்ல அந்த அம்மாவே சம்மதிக்கமாட்டார். "எனக்கு இனிமே இன்னாத்த புடுங்குவாங்க?" என்றுதான் சொன்னார்.

தொழிற்சாலை ஆய்வாளருக்குச் சிந்துஜாவும் இளம்பரிதியும் சேர்ந்து எழுதிய புகார் மூன்று மாதம் தூங்கியது. கட்டுரை ஓர் ஆய்விதழில் வந்த பிறகு விழித்துக்கொண்டது. ஆய்வாளர் வந்தார். பிளாண்டை எட்டு நாள் நிறுத்தி, இரண்டு வால்வும் ஒரு குழாய் வளைவும் மாற்றினார்கள். வளைவு உள்ளே அரித்துத் தாள் மாதிரி ஆகியிருந்ததாம். சுவரில் ஒரு சைரன் மாட்டினார்கள். அந்த எட்டு நாளும் கொட்டகையில் யாருக்கும் கூலி இல்லை. அதையும் கன்னியம்மாள் சிந்துஜாவிடம் எழுதிக்கொள்ளச் சொன்னாள். சிந்துஜா எழுதி, தொழிலாளர் துறைக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை.

கட்டுரையில் முதல் பெயர் இளம்பரிதி. இரண்டாவது சிந்துஜா. அது வெளிவந்த வாரம் ராஜாங்கம் தொலைபேசியில் கூப்பிட்டார். வாழ்த்துச் சொன்னார். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஆரம்பத்துல இந்த எண்ணத்துக்கு விதை போட்டது நம்ம லேப்தானேம்மா. ஒரு திருத்தம் போட்டு என் பேரையும் சேத்துடலாம். கடைசியில போட்டாக்கூடப் போதும்."

அவள் காதிலிருந்து போனை எடுத்து ஒரு கணம் அதைப் பார்த்தாள். கத்தவேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. மிதிக்கப் போன காலை, செருப்பு அழுக்காகிவிடுமே என்று பின்னால் வைத்துக்கொள்வது போல இருந்தது.

"நீங்க அடிச்ச கேள்விய நன்றியுரையில போட்டிருக்கேன் சார். பேரு போடல. போடச் சொன்னா போடறேன்."

அவர் வைத்துவிட்டார்.

அந்த வருட விழா பல மாதம் தள்ளிப்போய் நடந்தது; அதற்குள் வெள்ளலை அறக்கட்டளை விருதுகளை இரண்டாக்கியிருந்தது. மாணவர் விருது சுவேதாவுக்குப் போனது. செடிகளோடு அவள் சிரிக்கும் படம் அண்ணா சாலைத் திருப்பத்தில் பேனராக நின்றது. சிறந்த பணியிடப் பாதுகாப்புக்கான புது விருதை அறக்கட்டளை வெள்ளலை மரைன்ஸ் கம்பெனிக்கே கொடுத்தது. ஐஸ் பிளாண்டில் சொந்த முயற்சியால் சைரன் பொருத்தியதற்காக. அறக்கட்டளைத் தலைவர் தன் வலது கையால் கொடுத்து, கம்பெனி முதலாளி என்ற முறையில் தன் இடது கையையும் நீட்டிப் பிடித்துக்கொண்டார் என்று விழாவுக்குப் போன ஒரு மாணவன் வந்து சொன்னான். அவன் மிகைப்படுத்தியிருக்கலாம். அழைப்பிதழில் காசிலிங்கம் தன் கையாலேயே 'மத்மசேல் அவசியம் வரவும்' என்று எழுதி அனுப்பியிருந்தார். தனக்கொடி அதில் கருவாடு மடித்துக் கொடுத்தாள். தாள் கெட்டியாக இருப்பதாகச் சொன்னாள்.

ஆய்விதழின் அச்சுப்பிரதியை எடுத்துக்கொண்டு சிந்துஜா தவளக்குப்பம் போனாள். இளம்பரிதி தன் பெயரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தான்.

"திரும்பச் சேரலாம்," என்றாள். "எங்க மேடம் எடுத்துக்கறாங்களாம். புதுசா ஒரு அரசாங்க உதவித்தொகைக்கு விண்ணப்பம் கூப்பிட்டிருக்காங்க. ஃபாரம் கொண்டாந்திருக்கேன்."

"எத்தினி பக்கம்?"

"இருவத்தி எட்டு."

"சமுதாயத்துக்கு உங்க ஆய்வால என்ன பயன், எரநூறு சொல்லுக்கு மிகாம எழுதுகன்னு இருக்குமே."

"நூத்தி அம்பதுக்கு மிகாம."

"வேணாங்க," என்றான். குரலில் வருத்தம் இல்லை. "இன்னொரு வாட்டி அந்த மேசைக்கு முன்னாடி போயி உக்கார எனக்கு முடியாது. நீங்க முடிங்க. அளக்கறதுக்கு ஆளு வேணும்னா ஞாயித்துக்கிழமை கூப்புடுங்க, வர்றேன். கடைக்கு லீவு."

அவள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் தகுதி தனக்கு இருப்பதாக அவள் நினைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் வந்தான். கேட்டில் இருந்த காவலாளி, மறுபடி அளக்க அனுமதித்துத் தொழிற்சாலை ஆய்வாளர் கொடுத்த கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, வேண்டாவெறுப்பாக வழிவிட்டான். கொட்டகைத் தூணருகே நின்று இளம்பரிதி கண்ணாடிக் குழாயின் முனையை உடைத்து, பம்பில் செருகி, காற்றை இழுத்தான். பெண்கள் உரிப்பதை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். சிந்துஜா குறிப்பேட்டைத் திறந்தாள். கன்னியம்மாள் ஈரக் கையால் குழாயை அவனிடமிருந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எத்தினி?"

"ஒம்பது," என்றான்.

"ஒம்பதுன்னா?"

இளம்பரிதி சிந்துஜாவைப் பார்த்தான்.

"எல்லைக்கு ரொம்பக் கீழ அத்தை," என்றாள். "ஆனா சுத்தமான காத்துல இது இருக்கவே கூடாது. இன்னும் எங்கியோ கசியுது."

"அப்போ அப்படியே எழுது," என்றாள் கன்னியம்மாள். "எழுதிட்டு எங்களுக்குப் படிச்சுக் காட்டு. தமிழ்ல."

சிந்துஜா தேதி போட்டு எழுதினாள். எழுதி முடித்து, மேசைக் கடைசியில் நின்றவளுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.